பயனருக்கும் பயனருக்கும் இடையிலான உறவு: ஃபாலோ, நட்பு, பிளாக் டேபிள்களை வடிவமைக்கும் முழுமையான வழிகாட்டி

மாணவர்–பாடம், ஆர்டர்–பொருள் போன்ற பல-பல உறவுகளில் இரு முனைகளும் வெவ்வேறு டேபிள்கள். நடுவே ஓர் இணைப்பு டேபிள், அதில் இரண்டு ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் ஃபீல்டு), அவ்வளவுதான். பயனரோடு பயனரை இணைக்கும்போது இரு முனைகளும் ஒரே டேபிளுக்கே போகின்றன. ஐடி 7 கொண்ட பயனரை ஐடி 42 கொண்டவருடன் இணைப்பதும் 42-ஐ 7-உடன் இணைப்பதும் ஒன்றா, இரண்டா? ஒருவர் தன்னையே ஃபாலோ செய்யலாமா? இருவரும் ஒரே நொடியில் ஒருவருக்கொருவர் கோரிக்கை அனுப்பினால் என்ன ஆகும்? இணைப்பு டேபிள் இவற்றுக்குத் தானாகப் பதில் சொல்லாது. நாம்தான் கீயாகவும், செக்காகவும் (மதிப்பு மீறக்கூடாத விதி), இன்டெக்ஸாகவும் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) எழுதிவைக்க வேண்டும். அப்ளிகேஷன் கோடில் ஓர் 'இஃப்' போட்டுச் சமாளித்தால், இரண்டு சர்வர்கள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கிய அன்றே அது ஓட்டையாகிவிடும்.

இங்கே சொல்பவை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மைஎஸ்க்யூஎல் என்றால் அதன் இயல்பான ஸ்டோரேஜ் இன்ஜினான இன்னோடிபி என்று கொள்ளவும். வேறு டேட்டாபேஸ்களில் சிக்கவைக்கும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

## 1. முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

டேபிளைத் தொடுவதற்கு முன்பே உங்கள் உறவு இந்த மூன்றில் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒருதிசை உறவு: ஃபாலோ, பிளாக், மியூட். கவிதா முருகனை ஃபாலோ செய்வதற்கும் முருகன் கவிதாவை ஃபாலோ செய்வதற்கும் சம்பந்தமில்லை. அவை இரண்டு தனித்தனி உண்மைகள், ஆகவே டேபிளில் இரண்டு வரிசைகள் (ரோ).

இருதிசை உறவு: நட்பு. இருந்தால் இருவருக்கும் உண்டு, போனால் இருவருக்கும் போகும்.

சம்மதம் கேட்கும் உறவு: நட்புக் கோரிக்கை. ஒருதிசையாகத் தொடங்கி, மற்றவர் ஏற்றதும் இருதிசையாகிறது. குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

மூன்றையும் ஒரே டேபிளில் போட்டு 'வகை' என்றொரு ஃபீல்டு வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதைத் தவிர்ப்பது நல்லது. ஃபாலோவுக்கு வேண்டிய கீ நட்புக்குப் பொருந்தாது, பிளாக்குக்கு வேண்டிய விதி இரண்டுக்கும் பொருந்தாது. விதிகள் வேறு என்றால் டேபிளும் வேறு.

பயனர் டேபிளிலேயே 'நண்பர்கள்' என்று ஒரு ஃபீல்டு வைத்து, ஐடிகளைக் கமா போட்டு அடுக்குவதோ ஜேசானாக வைப்பதோ வேண்டவே வேண்டாம். ஃபாரின் கீ வேலை செய்யாது. 'என்னை யாரெல்லாம் வைத்திருக்கிறார்கள்' என்ற எதிர்க்கேள்விக்கு முழு டேபிளையும் புரட்ட வேண்டிவரும்.

## 2. ஃபாலோ டேபிள்

மூன்று ஃபீல்டுகள் போதும்:

- யார்: பிக்இன்ட் (8 பைட் முழு எண்), வெற்றாக விடக்கூடாது, பயனர் டேபிளுக்கு ஃபாரின் கீ
- யாரை: பிக்இன்ட், வெற்றாக விடக்கூடாது, பயனர் டேபிளுக்கு ஃபாரின் கீ
- நேரம்: டைம்ஸ்டாம்ப், இயல்பு மதிப்பு இப்போதைய நேரம்

பிரைமரி கீ (வரிசையைத் தனித்து அடையாளம் காட்டுவது): யார், யாரை இரண்டும் சேர்ந்தது. செக்: யார், யாரைக்குச் சமமாக இருக்கக்கூடாது. கூடுதல் இன்டெக்ஸ்: யாரை, யார் என்ற ஒழுங்கில்.

பெயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 'யூசர்1', 'யூசர்2' என்று வைத்தால், ஆறு மாதம் கழித்து எது ஃபாலோ செய்பவர், எது செய்யப்படுபவர் என்று ஒவ்வொரு குவெரியிலும் யோசிக்க நேரும். ஃபீல்டின் பெயரைப் பார்த்ததும் திசை தெரிய வேண்டும்.

ஃபாரின் கீயின் வகை பயனர் டேபிளின் ஐடி வகையோடு ஒத்துப்போக வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு பக்கம் அன்சைன்டு, மறுபக்கம் சைன்டு என்றால் ஃபாரின் கீ உருவாகவே உருவாகாது.

### தனி ஐடி வேண்டுமா?

வேண்டாம். ஜோடிதான் அந்த வரிசையின் அடையாளம். தனி ஐடி வைத்து ஜோடிக்கு யுனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதி) போட மறந்துவிட்டால், பயனர் பட்டனை இருமுறை தட்டியதும் ஒரே ஃபாலோ இரண்டு வரிசையாகப் பதிவாகும். எண்ணிக்கை தப்பும், அன்ஃபாலோ செய்த பிறகும் ஒரு வரிசை மிஞ்சும்.

இடச் செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையின் தலைப்பகுதி 23 பைட், ஒழுங்குபடுத்தியதும் 24. மேலே சொன்ன மூன்று ஃபீல்டுகளும் தலா 8 என்று 24. பக்கத்துக்குள் இருக்கும் சுட்டிக்கு 4. மொத்தம் 52 பைட். 10 கோடி வரிசைக்கு டேபிள் மட்டும் ஏறக்குறைய 5.2 ஜிபி. ஜோடி இன்டெக்ஸின் ஒரு பதிவு 28 பைட். பக்கம் 90 சதவீதம் நிரம்புகிறது என்று கொண்டால் இன்டெக்ஸ் ஒன்றுக்குச் சுமார் 3.1 ஜிபி. யாருக்கும் பயன்படாத ஓர் ஐடியைச் சேர்த்தால் டேபிளில் 0.8 ஜிபியும் அதற்கான இன்டெக்ஸில் 2.2 ஜிபியும் கூடும். ஒவ்வொரு இன்சர்ட்டும் இரண்டுக்குப் பதிலாக மூன்று இன்டெக்ஸ்களை எழுத வேண்டும்.

ஓஆர்எம் (கோடில் உள்ள மாடல்களை டேபிளோடு இணைக்கும் லைப்ரரி) அடம்பிடித்தால் மட்டும் ஐடி வைத்துக்கொள்ளுங்கள், ஜோடிக்கு யுனிக் கட்டாயம். ரெயில்ஸ் 7.1-லும் ஜாங்கோ 5.2-லும் கூட்டுப் பிரைமரி கீக்கு ஆதரவு வந்துவிட்டது. பழைய பதிப்புகளில்தான் இந்தத் தொல்லை. ஜாங்கோவில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு மாடலுக்குத் தன்னோடு தானே மெனிடூமெனி வைத்தால், அது இருதிசை உறவு என்றே எடுத்துக்கொள்ளும். கவிதா முருகனை ஃபாலோ செய்தால் முருகனும் கவிதாவை ஃபாலோ செய்வதாக இன்னொரு வரிசை சேரும். 'சிமெட்ரிக்கல்' என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால்தான் ஒருதிசையாகும்.

### எதிர்த்திசை இன்டெக்ஸ்

பிரைமரி கீ 'யார்' என்று தொடங்குவதால் 'நான் யாரையெல்லாம் ஃபாலோ செய்கிறேன்' என்பது வேகமாக வரும். 'என்னை யாரெல்லாம்' என்ற கேள்விக்கு அந்த இன்டெக்ஸ் உதவாது. யாரை, யார் என்ற இரண்டாவது இன்டெக்ஸ் அதற்குத்தான்.

இதை விட்டுவிட்டால் பட்டியல் மெதுவாவதோடு முடியாது. போஸ்ட்கிரெஸ், ஃபாரின் கீ வைத்த ஃபீல்டுக்குத் தானாக இன்டெக்ஸ் போடாது. ஒரு பயனரை நீக்கும்போது, அவரைச் சுட்டும் வரிசைகளைத் தேடி முழு ஃபாலோ டேபிளையும் படிக்கும். ஒரே ஒரு கணக்கை நீக்குவது நிமிடக்கணக்கில் இழுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இன்னோடிபி தேவைப்படும் இன்டெக்ஸைத் தானே உருவாக்கிக்கொள்ளும். மேலும் அதன் துணை இன்டெக்ஸ் ஒவ்வொன்றிலும் பிரைமரி கீ ஃபீல்டுகள் ஒட்டியே வரும். அதனால் அங்கே 'யாரை' மட்டும் போட்டாலே 'யார்' கூடவே கிடைத்துவிடும்.

டேட்டாவைப் பல சர்வர்களுக்குப் பிரித்த பிறகு இந்த இரண்டாவது இன்டெக்ஸும் போதாது, ஏனென்றால் 'யார்' அடிப்படையில் பிரித்த டேட்டாவில் 'என்னை யாரெல்லாம்' என்று எல்லாச் சர்வரையும் கேட்க வேண்டும். ட்விட்டர் 2010-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட ஃப்ளாக்டிபி ஒவ்வொரு உறவையும் இரண்டு முறை எழுதியது இதனால்தான்: ஒன்று தொடங்கும் பயனர் வாரியாக, மற்றொன்று சேரும் பயனர் வாரியாக. ஒரே டேட்டாபேஸில் அடங்கும் வரை அந்தக் கவலை நமக்கில்லை.

### டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும் விஷயங்கள்

மைஎஸ்க்யூஎல்லில் செக் விதி 8.0.16 முதல்தான் அமலாகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் செக்கை வாங்கிக்கொண்டு எதுவும் செய்யாமல் விட்டுவிடும். எரரும் வராது, பாதுகாப்பும் இருக்காது. அதே மைஎஸ்க்யூஎல்லில், செக்கில் வரும் ஃபீல்டுக்கு 'ஆன் அப்டேட் காஸ்கேட்' (பயனர் ஐடி மாறினால் சுட்டும் வரிசைகளும் தானாக மாறுவது) வைக்க முடியாது. பயனர் ஐடி மாறவே கூடாதது. அந்தக் காஸ்கேடை எடுத்துவிடுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு ஃபாரின் கீகளுக்கும் 'ஆன் டெலீட் காஸ்கேட்' (பயனரை நீக்கினால் சுட்டும் வரிசைகளும் தானாக நீங்குவது) கொடுத்தால் 1785 என்ற எரரோடு மறுக்கும், ஏனென்றால் ஒரே டேபிளிலிருந்து இரண்டு வழிகளில் காஸ்கேட் வருவதை அது ஏற்பதில்லை. ஒன்றை 'நோ ஆக்ஷன்' ஆக்கி, அந்தப் பக்கத்து வரிசைகளை நீங்களே முதலில் நீக்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை மூலம் இயக்க வேண்டும்.

காஸ்கேட் கிடைக்கும் இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 10 லட்சம் பேர் ஃபாலோ செய்யும் கணக்கை நீக்கினால், அத்தனை வரிசைகளும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போகும். லாக்குகள் (பூட்டுகள்) நீளும், ரெப்ளிகா (நகல் சர்வர்) பின்தங்கும். முதலில் கணக்கை முடக்கி, உறவு வரிசைகளை 5,000 வீதம் பின்னணியில் நீக்கிவிட்டு, கடைசியில் பயனரை நீக்குங்கள்.

## 3. நட்பு டேபிள்: ஒரு வரிசையா, இரண்டா?

### ஒரு வரிசை முறை

ஜோடியில் சிறிய ஐடி எப்போதும் முதலில், பெரியது இரண்டாவது. ஃபீல்டுகள் சிறிய_ஐடி, பெரிய_ஐடி. செக்: சிறிய_ஐடி பெரிய_ஐடியைவிடக் குறைவு. பிரைமரி கீ இரண்டும் சேர்ந்தது. இந்த ஒரே செக் மூன்று வேலை பார்க்கிறது: தன்னோடு தானே நட்பாவதைத் தடுக்கிறது, 42–7 என்று தலைகீழாக வருவதைத் தடுக்கிறது, அதனால் ஒரே நட்பு இருமுறை பதிவாவதையும் தடுக்கிறது. இன்சர்ட் செய்யும்போது லீஸ்ட், கிரேட்டஸ்ட் ஃபங்ஷன்களை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

சிரமம் படிக்கும்போது வரும். 42-இன் நண்பர்கள் சில வரிசைகளில் முதல் ஃபீல்டிலும் சிலவற்றில் இரண்டாவதிலும் இருப்பார்கள். 'சிறிய_ஐடி 42 அல்லது பெரிய_ஐடி 42' என்று ஆர் போட்டால் பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) இரண்டு இன்டெக்ஸ்களையும் இணைக்கப் பார்க்கும். ஜாயின் கூடக்கூட அது தடுமாறும். இரண்டு தனி செலக்ட்டுகளாக எழுதி யூனியன் ஆல் போடுங்கள். வெறும் யூனியன் வேண்டாம். ஒரே நண்பர் இரு பக்கமும் வர வாய்ப்பே இல்லாதபோது, நகல்களைக் களையும் வேலை வீண்.

ஐடி எண்ணாக இல்லாமல் யூயூஐடி (128 பிட் தனித்த அடையாளம்) என்றாலும் இதே முறை செல்லும். ஐடியைச் சாதாரண டெக்ஸ்ட்டாக வைத்திருந்தால் மட்டும் கவனம்: அப்ளிகேஷன் மொழியின் ஒப்பீடும் டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) ஒப்பீடும் மாறுபட்டால் 'சிறியது எது' என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகாது. வரிசைப்படுத்துவதை டேட்டாபேஸிடமே விடுங்கள்.

### இரண்டு வரிசை முறை

7–42, 42–7 இரண்டையும் எழுதுவது. நண்பர் பட்டியல், நண்பரின் நண்பர், பொது நண்பர்கள் எல்லாம் நேரடி ஜாயினாக வரும். ஆனால் இடம் இரட்டிப்பு. ஒரு பக்கம் மட்டும் அழிந்துபோகும் ஆபத்தும் உண்டு: கவிதாவின் பட்டியலில் முருகன் இருப்பார், முருகனின் பட்டியலில் கவிதா இருக்கமாட்டார்.

போஸ்ட்கிரெஸில் இதைத் தடுக்க வழி உண்டு. டேபிளிலிருந்து அதே டேபிளுக்கு, ஃபீல்டுகளை மாற்றிப் போட்டு ஒரு கூட்டு ஃபாரின் கீ வையுங்கள்: 'நண்பர், பயனர்' என்ற ஜோடி, 'பயனர், நண்பர்' ஜோடியைச் சுட்ட வேண்டும். இப்போது எதிர்வரிசை இல்லாமல் எந்த வரிசையும் நிற்க முடியாது. இரண்டு வரிசைகளையும் ஒரே இன்சர்ட்டில் எழுதினால் அப்படியே ஏற்கும், ஏனென்றால் சோதனை ஸ்டேட்மென்ட் முடிவில்தான் நடக்கிறது. 'ஆன் டெலீட் காஸ்கேட்' கொடுத்தால் ஒன்றை நீக்கியதும் மற்றதும் போகும். இன்னோடிபி வரிசைக்கு வரிசை சோதிப்பதால் அங்கே இது நடக்காது. டிரான்ஸாக்‌ஷனையும் அவ்வப்போது ஓடும் சரிபார்ப்புக் குவெரியையும்தான் நம்ப வேண்டும்.

எதைத் தேர்வது? மைஎஸ்க்யூஎல் என்றால் ஒரு வரிசை முறை. போஸ்ட்கிரெஸில் 'பொது நண்பர்கள்' போன்ற குவெரிகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடுகின்றன என்றால் இரண்டு வரிசை முறை. இல்லாவிட்டால் அங்கும் ஒன்றே போதும்.

## 4. நட்புக் கோரிக்கை

ஒரு வரிசை டேபிளிலேயே நிலை, கேட்டவர்_ஐடி என்று இரண்டு ஃபீல்டுகளைச் சேர்க்கலாம். நிலை 'காத்திருக்கிறது', 'ஏற்கப்பட்டது' என்ற இரண்டில் ஒன்று. கேட்டவர்_ஐடி அந்த ஜோடியில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு செக்.

இருவரும் ஒரே நொடியில் கோரிக்கை அனுப்பும் சிக்கல் இந்த வடிவத்தில் அழகாகத் தீரும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஜோடி ஒன்றே என்பதால், இரண்டாவது இன்சர்ட் பிரைமரி கீயில் மோதும். போஸ்ட்கிரெஸின் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்' கொண்டு அந்த மோதலையே சம்மதமாக மாற்றிவிடலாம்: நிலை 'காத்திருக்கிறது' என்றும், ஏற்கெனவே கேட்டவர் இப்போது கேட்பவர் அல்ல என்றும் இருந்தால், நிலையை 'ஏற்கப்பட்டது' ஆக்கு. அந்த அப்டேட்டின் 'வேர்' (WHERE) நிபந்தனையில் அந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். விட்டால், ஒருவரே இருமுறை கோரிக்கை அனுப்பித் தன் கோரிக்கையைத் தானே ஏற்றுக்கொள்வார்.

மறுக்கப்பட்ட கோரிக்கையை நீக்குவதா, வைத்திருப்பதா என்பது தயாரிப்பு முடிவு. மறுத்த பின் 30 நாளைக்கு மறுபடி அனுப்ப முடியாது என்பதுபோல் விதி இருந்தால், அதைத் தனி டேபிளில் வைத்துக்கொள்ளுங்கள். நட்பு டேபிளில் நிலைகள் பெருகப் பெருக, நண்பர் பட்டியல் குவெரி ஒவ்வொன்றிலும் நிலை வடிகட்டி தேவைப்படும். எங்காவது ஒன்றில் மறந்தால், மறுத்தவர் நண்பராகத் தெரிவார்.

## 5. பிளாக்

பிளாக்கை நட்பின் ஒரு நிலையாக வைப்பது மிகப் பரவலான தவறு. கவிதா முருகனை பிளாக் செய்கிறார், முருகனும் கவிதாவை பிளாக் செய்கிறார். பிறகு கவிதா மட்டும் விலக்கிக்கொள்கிறார். ஒரே வரிசையில் ஒரே நிலை இருந்தால் முருகன் போட்ட பிளாக்கும் சேர்ந்து போய்விடும். எனவே ஃபாலோ டேபிளைப் போலவே யார், யாரை, நேரம் என்ற தனி டேபிள், இரு திசைக்கும் இன்டெக்ஸ்.

எழுதுவது ஒருதிசை, சோதிப்பது இருதிசை. பட்டியல், தேடல், செய்தி எல்லாவற்றிலும் 'நான் அவரையோ அவர் என்னையோ பிளாக் செய்திருந்தால் காட்டாதே' என்று நாட் எக்ஸிஸ்ட்ஸ் இரண்டு முறை வர வேண்டும். இதைக் குவெரிக்குக் குவெரி கையால் எழுதாமல் ஒரு வியூவிலோ ஃபங்ஷனிலோ வைத்துவிடுங்கள்.

பிளாக் செய்யும் டிரான்ஸாக்‌ஷன் நான்கு வேலை செய்ய வேண்டும்: பிளாக் வரிசையைச் சேர்ப்பது, இரு திசை ஃபாலோவையும் நீக்குவது, நட்பு அல்லது நிலுவைக் கோரிக்கையை நீக்குவது, எண்ணிக்கைகளைத் திருத்துவது. இதே நேரத்தில் மறுபக்கம் ஒரு ஃபாலோ வந்தால்? அது 'பிளாக் இல்லை' என்று பார்த்துவிட்டு, பிளாக் கமிட் ஆனபின் தன் வரிசையை எழுதிவிடும். இதை அடைக்கும் வழி அடுத்த பகுதியில்.

## 6. எண்ணிக்கையும் டெட்லாக்கும்

ஃபாலோயர் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் கவுன்ட் போட்டு எடுப்பது சில ஆயிரம் வரை தாங்கும். அதற்கு மேல் சேமித்து வைக்க வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. பயனர் டேபிளில் வேண்டாம்.

காரணம் இது. இன்னோடிபியில் ஃபாலோ வரிசையைச் சேர்க்கும்போது, ஃபாரின் கீ சோதனைக்காகப் பயனர் வரிசையில் ஷேர்டு லாக் (பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பூட்டு) விழும். உடனே அதே பயனர் வரிசையில் எண்ணிக்கையைக் கூட்டினால் எக்ஸ்க்ளூசிவ் லாக் (ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடியது) வேண்டும். ஒரே பிரபலத்தை ஒரே கணத்தில் இருவர் ஃபாலோ செய்தால், இருவரிடமும் ஷேர்டு லாக் இருக்கும், இருவரும் மற்றவர் விடுவதற்காகக் காத்திருப்பார்கள். டெட்லாக். போஸ்ட்கிரெஸ் 9.3 முதல் ஃபாரின் கீ சோதனைக்கு இலகுவான லாக் எடுப்பதால் இந்த வகை அங்கே வராது.

இரண்டாவது வகை எங்கும் வரும். 7 என்பவர் 42-ஐயும் 42 என்பவர் 7-ஐயும் ஒரே நேரத்தில் ஃபாலோ செய்கிறார்கள். முதல் டிரான்ஸாக்‌ஷன் 7-இன் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டு 42-க்குக் காத்திருக்கும், இரண்டாவது நேர்மாறாக.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பயனர்_எண்ணிக்கை என்று தனி டேபிள், பயனருக்கு ஒரு வரிசை. ஃபாலோ, நட்பு, பிளாக் எது நடந்தாலும், இருவரின் எண்ணிக்கை வரிசைகளையும் சிறிய ஐடி முதலில் என்ற ஒழுங்கில் 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டு முதலில் பூட்டுங்கள். பூட்டிய பிறகே பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு எழுதுங்கள். முந்தைய பகுதியில் சொன்ன பிளாக்–ஃபாலோ மோதலும் இதோடு அடைபடும். நண்பர் உச்சவரம்பும் இங்கேயே தீரும்: ஃபேஸ்புக் வைத்திருப்பதைப் போல 5,000 என்று வரம்பு வேண்டுமானால், நண்பர் எண்ணிக்கை ஃபீல்டில் 5,000-க்கு மேல் போகாதபடி ஒரு செக் போதும்.

இன்சர்ட் உண்மையில் ஒரு வரிசையைச் சேர்த்ததா என்று பார்த்த பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஏற்கெனவே இருந்த ஃபாலோவுக்கும் ஒன்று கூட்டுவதுதான் எண்ணிக்கை தப்புவதற்கு முதல் காரணம். மிகப் பெரிய கணக்குகளில் ஒரே வரிசைக்கு எல்லோரும் வரிசையில் நிற்க நேரும். அவர்களுக்கு மட்டும் மாற்றங்களைத் தனி டேபிளில் சேர்த்து, சில விநாடிக்கு ஒருமுறை தொகுத்துக் கூட்டலாம். பிளாக் சோதனைக்கு அப்போது ஜோடி அளவிலான பூட்டு வேண்டும். போஸ்ட்கிரெஸின் அட்வைசரி லாக் (வரிசையைச் சாராமல் நாமே ஓர் எண்ணைக் கொடுத்து எடுக்கும் பூட்டு) அதற்கு ஏற்றது.

## 7. பட்டியலைப் பக்கம் பக்கமாக எடுப்பது

ஆஃப்செட் (முதலில் இத்தனை வரிசைகளைத் தாண்டு என்பது) 50,000 என்றால் டேட்டாபேஸ் அந்த 50,000 வரிசைகளையும் படித்துத் தூக்கி எறிந்த பிறகே அடுத்த 20-ஐத் தரும். நடுவில் ஒருவர் ஃபாலோ செய்தால் பக்க எல்லையில் ஒருவர் இருமுறை தெரிவார். கடைசியாகக் காட்டிய வரிசையின் நேரத்தையும் ஐடியையும் வைத்து 'இதற்கு முந்தையவை' என்று கேளுங்கள். நேரம் மட்டும் போதாது. ஒரே டிரான்ஸாக்‌ஷனில் சேர்ந்தவற்றுக்குப் போஸ்ட்கிரெஸில் ஒரே நேரம்தான் பதிவாகும். இதற்கு யாரை, நேரம், யார் என்ற இன்டெக்ஸ் வேண்டும். எதிர்த்திசை இன்டெக்ஸுக்குப் பதிலாகவே இதைப் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் தேவையில்லை.

## 8. அழித்ததாகக் குறிப்பது

உறவு டேபிளில் 'நீக்கிய_நேரம்' ஃபீல்டு வைக்காதீர்கள். மறுபடி ஃபாலோ செய்யும்போது பிரைமரி கீ மோதும். போஸ்ட்கிரெஸில் நீக்காத வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும் பகுதி யுனிக் இன்டெக்ஸ் கொண்டு தப்பிக்கலாம், மைஎஸ்க்யூஎல்லில் அந்த வசதி இல்லை. வரிசையை உண்மையாகவே நீக்கிவிட்டு, வரலாறு வேண்டுமென்றால் சேர்ப்பது மட்டுமே நடக்கும் தனி டேபிளில் யார், யாரை, செயல், நேரம் என்று எழுதிவையுங்கள்.

## 9. வெளியிடும் முன் சோதிக்க வேண்டியவை

இரண்டு டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களை அருகருகே திறந்து, டிரான்ஸாக்‌ஷன்களைக் கையால் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். ஒரே ஃபாலோவை இரண்டிலும் சேருங்கள்: ஒரு வரிசைதான் மிஞ்ச வேண்டும், எண்ணிக்கை ஒன்றுதான் கூட வேண்டும். 7 ஒன்றிலும் 42 மற்றதிலும் பரஸ்பரம் ஃபாலோ செய்யட்டும். டெட்லாக் எரர் வரக்கூடாது. ஒன்றில் பிளாக், மற்றதில் ஃபாலோ ஓட்டி, முடிவில் ஃபாலோ வரிசை இல்லை என்று உறுதி செய்யுங்கள். கோரிக்கை இரு பக்கமிருந்தும் வந்தால் நிலை 'ஏற்கப்பட்டது' ஆக வேண்டும், ஒரே பக்கமிருந்து இருமுறை வந்தால் ஆகக்கூடாது.

பிறகு 10 லட்சம் போலி வரிசைகளை நிரப்பி, பயனர் ஒருவரை நீக்கும் கட்டளையை 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' மூலம் போஸ்ட்கிரெஸில் ஓட்டுங்கள். அது உண்மையிலேயே நீக்கிவிடும் என்பதால் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்யவும். வெளியீட்டின் கடைசியில் ஃபாரின் கீ டிரிகர்களின் நேரம் தனியாகத் தெரியும். அதில் ஒன்று மட்டும் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் காட்டினால், அந்தப் பக்கத்து இன்டெக்ஸ் விடுபட்டிருக்கிறது.